தன்லியினில் நான் போட்ட பாலைவனம்

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவனிடம் முதல் ஆறு மாதத்துக்கு எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. சாப்பாடு போடலாம், அவன் கொண்டு வந்த வாசனை சோப்பை வாங்கிக்கொள்ளலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதை இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. அப்படித் திரும்பி வந்து ஒரு நல்ல குடும்பத்தை முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்தவன் நான்தான்.

வளைகுடா நாடு ஒன்றில் நான்கு வருடம் தோட்டம் அமைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன். யாங்கோனில் யார் கேட்டாலும் "லேண்ட்ஸ்கேப்பிங்" என்பேன். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். உண்மை என்னவென்றால், கறுப்புக் குழாயில் ஒன்றரை அடிக்கு ஒரு ஓட்டை போட்டு, அதில் தண்ணீர் சொட்டுகிற மூக்கைச் செருகுவதுதான் என் வேலை. நான்கு வருடமும் அதுதான். எந்தச் செடியை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர் ஒரு எகிப்துக்காரர். என்னிடம் ஒரு நாள்கூட அவர் யோசனை கேட்டதில்லை (கேட்டிருந்தால் அந்த ஊரையும் கெடுத்திருப்பேன்).

ஆனாலும் பார்த்துப் பார்த்துப் பாலைவனத் தோட்டத்தின் விதிகள் எனக்கு மனப்பாடம். செடி வைக்கும் இடம் தரையைவிடத் தாழ்ந்து கிண்ணம் மாதிரி இருக்க வேண்டும். மண் காயாமல் இருக்க மேலே சரளைக்கல் பரப்ப வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. இந்த மூன்றையும் ஊருக்குக் கொண்டு வந்தேன். எங்கள் வீடு யாங்கோனின் நடுவே பபேடானில் நான்காவது மாடி. எங்களுக்குச் சொந்தமான மண் என்று பார்த்தால் துளசித் தொட்டிக்குள் இருப்பதுதான், அதனால் கொஞ்ச நாள் யாருக்கும் ஆபத்தில்லை.

அப்புறம்தான் அம்மா எனக்குப் பெண் பார்த்தாள். பெண் பெயர் மல்லிகா. பாகோ ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தன்லியினில் மருந்துக் கடையில் வேலை. அவளுடைய அப்பா மாணிக்கம் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மல்லிகா ஒரே பெண். எனக்கு மல்லிகாவைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. கேசரித் தட்டை நீட்டும்போது "இதுல சக்கரை கம்மி, நான்தான் பண்ணேன், பிடிக்கலன்னா மிச்சம் வைக்கலாம்" என்றாள். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

மாமா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"திரும்ப அங்க போவீங்களா தம்பி?"

"இங்க வேலை அமைஞ்சா போக மாட்டேன் மாமா."

"எனக்கு ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்துட்டு அவளும் போன்ல முகம் பாத்துக்கிட்டு, நானும் போன்ல முகம் பாத்துக்கிட்டு, அதெல்லாம் சரிப்படாது. அந்தத் தோட்ட வேலை இந்த ஊர்ல ஓடுமா?"

இங்கே நான் "முயற்சி பண்றேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கதவோரம் நின்ற மல்லிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உங்க வாசலையே போட்டுக் காட்டறேன் மாமா. நிச்சயதார்த்தத்தை அந்தத் தோட்டத்துலயே வச்சுக்கலாம்."

மாமா காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். "சரி. வைகாசிக் கடைசியில வச்சுக்கலாம். வாசல் நல்லா வந்துச்சுன்னா இந்த ஊர்லயே பொழச்சுக்குவீங்கன்னு நம்பிப் பொண்ணக் குடுக்கறேன். வரலன்னா தப்பா எடுத்துக்காதீங்க தம்பி."

திரும்பும் பஸ்ஸில் அம்மா காதோடு கேட்டாள். "உனக்குச் செடி வளக்கத் தெரியுமாடா? வீட்டுத் துளசிக்கே நான்தான் தண்ணி ஊத்தறேன்."

"பாலைவனத்துலயே வளத்தவன்மா நான்" என்றேன். அம்மா பாலம் முடியும் வரை கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் வேலையை ஆரம்பித்தேன். ஏப்ரல் மாதத் தன்லியினைப் பார்த்தால் யாரும் ஏமாந்துதான் போவார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது, மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நான்கு வருடமாக நல்ல மழை ஒன்றையும் பார்க்காத எனக்கு, மழை என்று ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது. (நான் பிறந்து வளர்ந்த ஊர் இதுதான் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளவும்.)

வாசலில் மாமா போட்டிருந்த, தண்ணீரிலும் வளர்கிற கசூன் கீரையையும் புளிச்சகீரையையும் பிடுங்கி எறிந்தேன். இரண்டு ஆட்களை வைத்து ஒன்றரை அடி ஆழத்துக்கு வாசல் முழுவதையும் கிண்ணமாகத் தோண்டினேன். எகிப்துக்காரர் களை வராமல் இருக்க ஏதோ ஒரு துணி விரிப்பார், தண்ணீர் அதன் வழியாக இறங்கும். எனக்கு அந்தத் துணி கிடைக்கவில்லை. அதனால் என்ன, தடிமனான கறுப்பு பிளாஸ்டிக் தாளை வாங்கிச் சுவரோடு சுவராக விரித்தேன். கிண்ணத்தில் ஓட்டை இல்லாதபடி பார்த்துக்கொண்டேன்.

"தண்ணி எங்க போகும் தம்பி?" என்று மாமா கேட்டார்.

"போகாது மாமா. அதுதான் இதுல விசேஷமே."

நான் போனில் காட்டிய வெளிநாட்டு பங்களாக்களின் படத்தில் மாமா ஏற்கெனவே மயங்கிக் கிடந்தார். தெருவில் எல்லாரிடமும் "ஃபாரின் மாடல்" என்று சொல்லி வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிமெண்ட் மூட்டையைத் தூக்கி வந்தார். மதில் சுவரின் அடியில் தெருச் சாக்கடைக்குப் போகிற வடிகால் துளையைத் தன் கையாலேயே பூசி அடைத்தார். அடைத்துவிட்டு இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு டோ டின் டின்னைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, பர்மியப் பெண்மணி, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை விழுது பூசாமல் வெளியே வர மாட்டார். பர்மியர்களிடம் 'ஆனாடே' என்று ஒரு குணம் உண்டு. அடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்று, சொல்ல வேண்டியதைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்வது. இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கும் அது நன்றாகத் தெரியும். எதிராளி சுற்றி வளைத்துப் பேசினால் நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். நான்கு வருடம் சூப்பர்வைசர்களின் நேரடி வசவைக் கேட்டுப் பழகிய எனக்கு அந்தக் காது அடைத்துப் போயிருந்தது.

அவர் முதல் தடவை வேலி ஓரம் வந்து, "இந்த வருஷம் எறும்பெல்லாம் முட்டையத் தூக்கிட்டு மேல ஏறுது" என்றார்.

"நான் மருந்து போட்டுட்டேன் அன்ட்டி" என்றேன்.

இரண்டாவது தடவை, "என் மருமகன் மண் கொட்டி வாசலை உயர்த்தியிருக்கான், ரொம்ப வசதியா இருக்கு" என்றார்.

"அது பழைய முறை அன்ட்டி" என்றேன்.

மூன்றாவது தடவை ஒரு ஜோடி முழங்கால் உயர ரப்பர் பூட்ஸைக் கொண்டு வந்து கொடுத்தார். "எங்க வீட்டுக்காரரோடது, சும்மாத்தான் கிடக்கு, இந்த வீட்டுக்கு உதவும்." கள்ளி முள் குத்தாமல் இருக்கக் கொடுக்கிறார் என்று நினைத்து, என்ன அன்பான மனுஷி என்று உருகிப் போனேன்.

மல்லிகா மட்டும் போனில் நேரடியாகக் கேட்டாள். "மே மாசம் பாதியில மழை ஆரம்பிச்சிடும். யோசிச்சீங்களா?"

"நல்லதுதானே, செடிக்குத் தண்ணி ஊத்தற வேலை மிச்சம்."

"சரி" என்றாள். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

வாசல் தயாரானது. வெள்ளைச் சரளைக்கல், நடுவில் உருண்டைக் கள்ளி, ஓரத்தில் பெரிய கற்றாழை, இரண்டு பக்கமும் பேரீச்சங்கன்று. பிள்ளைகள் வந்து போட்டோ எடுத்தார்கள். நான் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத வெயில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றேன். மாமா அதில் நாற்காலி போட்டு இரண்டு நாள் பெருமையாக உட்கார்ந்தார். கல் சூடேறி அடுப்பு மாதிரி அடித்ததால் மூன்றாம் நாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டோ டின் டின் வீட்டு மாமரத்தடிக்குப் போய்விட்டார். அங்கிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரிகிறது என்று காரணம் சொன்னார்.

முதல் மழை வந்தபோது சந்தோஷப்பட்டேன். இரண்டாவது மழைக்கு "கள்ளி நல்லாக் குடிக்குது" என்றேன். நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வானம் பொத்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் காலை மல்லிகா போன் பண்ணினாள்.

"உங்க செடி மிதக்குது."

"எது?"

"எது மிதக்கலன்னு கேளுங்க, சீக்கிரம் சொல்லிடலாம்."

பஸ் பிடித்து ஓடினேன். வீட்டு வாசற்படியில் கீழ்ப்படி இரண்டும் காணவில்லை. வாசல் முழுக்க ஒரே ஏரி. உருண்டைக் கள்ளி அதன்பாட்டுக்குச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அடியில் காற்றுப் புகுந்த பிளாஸ்டிக் தாள் நடுவில் எருமை முதுகு போல எழும்பி நின்றது. எங்கிருந்தோ வந்த தவளைகள் அதற்குள் குடியேறிவிட்டன. மாமா படியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, பாலைவனம்னா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு பம்பை இரவல் வாங்கி வந்தேன். கரண்ட் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் தெருவே "மீ லா பீ" என்று கத்தியது. கரண்ட் வந்துவிட்டது என்று இந்த ஊரே சேர்ந்து போடுகிற சத்தம் அது. பம்பை ஓட்டித் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விட்டேன். சாக்கடை ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் இறைத்த தண்ணீர் நிதானமாகக் கேட்டுக்கு அடியில் நுழைந்து திரும்பவும் உள்ளே வந்தது. கரண்ட் போகும் வரை ஒரே தண்ணீரைத்தான் சுற்ற விட்டிருக்கிறேன் என்பது கடைசியில்தான் புரிந்தது.

சரி, பிளாஸ்டிக்கைக் கிழித்தால் தண்ணீர் மண்ணில் இறங்கும் என்று கத்தியோடு குதித்தேன். நேராகக் கள்ளி மேல் குதித்தேன். (ரப்பர் பூட்ஸ் வீட்டுக்குள் பத்திரமாக இருந்தது.)

மல்லிகா என்னை உள்ளே உட்கார வைத்து ஊசியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். பக்கத்து அறையில் மாமா என் அம்மாவிடம் போனில் பேசுவது கேட்டது. "நிச்சயத்தத் தள்ளி வச்சுக்கலாம்மா... இல்ல, தள்ளி வைக்கறதுன்னா..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருக்கும் ஆனாடே. முள் வலி எல்லாம் மறந்து போனது. இந்தப் பெண் எனக்கு இல்லை, மறுபடி அந்த மணலுக்கே போக வேண்டியதுதான் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

மல்லிகா முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள். "நாலு வருஷம் அங்க நிஜமா என்ன வேலை பாத்தீங்க?"

"குழாய்ல ஓட்டை போட்டேன்."

ஊருக்கு வந்த பிறகு நான் சொன்ன முதல் உண்மை அது. அவள் சிரிக்கவில்லை. (இப்போது வரை சேர்த்து வைத்துச் சிரிக்கிறாள், அது வேறு.)

"செடியப் பத்தி எதுவும் தெரியாதா?"

"தெரியாது. குழாயப் பத்தி மட்டும்தான் தெரியும்."

"அப்ப செடிய விட்டுட்டுக் குழாயப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த முள்ளை எடுத்தாள்.

அந்த நொடியில்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து ஓடைக்குப் போகிறது. ஓடை வாசலைவிட நல்ல பள்ளம். தண்ணீர் லாரியிலிருந்து பம்பே இல்லாமல் தொட்டியை நிரப்ப நாங்கள் ஒரு வேலை செய்வோம். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரண்டு வாயையும் பொத்திக்கொண்டு, ஒரு முனையை மேலேயும் ஒரு முனையைக் கீழேயும் விட்டால் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு ஓடும். குழாய்க்கா பஞ்சம். சொட்டுநீருக்கென்று தேவைக்கு நாலு மடங்கு வாங்கி வைத்திருந்தேன்.

ஓட்டை போடாத தடிக் குழாய்களை இணைத்தேன். வாசல் ஏரியில் முக்கி நிரப்பி, ஒரு வாயை மல்லிகா உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். மறு வாயைப் பொத்திக்கொண்டு நான் நொண்டியபடி கூடம், சமையற்கட்டு, பின்வாசல் என்று நடந்தேன். கூடத்தில் மாமா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில்தான் குழாய் போனது. அவர் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்.

"விடுங்க" என்று ஓடைக்கரையிலிருந்து கத்தினேன்.

"விட்டாச்சு."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் குழாய் ஒரு ஏப்பம் விட்டது, சேறு துப்பியது, இரண்டு தலைப்பிரட்டையைத் துப்பியது, அதன் பிறகு கை தடிமனுக்குத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பின்வாசலுக்கு மாமா வந்து நின்றார்.

"கரண்ட் இல்லாமயா?"

"கரண்ட் வேண்டாம் மாமா. மேல இருந்து கீழ போகுது, அவ்வளவுதான்."

அவர் வாசலுக்குப் போய்ப் பார்த்தார், ஓடைக்கு வந்து பார்த்தார், திரும்பவும் வாசலுக்குப் போனார். மூன்றாவது தடவை கையில் கடப்பாரை இருந்தது. கொட்டுகிற மழையில், தான் சிமெண்ட் பூசிய வடிகாலை உடைக்கக் கிளம்பிவிட்டார்.

"மாமா, இப்ப அதத் திறந்தா தெருத் தண்ணியும் உள்ள வந்துடும்."

கடப்பாரையோடு அப்படியே நின்றார். "நான்தான தம்பி அத அடைச்சேன்" என்றார். "தெருவெல்லாம் ஃபாரின் மாடல்னு சொல்லிட்டு வேற வந்தேன்."

"இந்த வாயப் பிடிங்க மாமா, இன்னொரு குழாய் போட்டுடலாம்" என்றேன். கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்து பிடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கூடத்தில் மூன்று குழாய் ஓடியது. இருட்டுவதற்கு முன் மாமா என் அம்மாவுக்கு மறுபடி போன் பண்ணினார். "வாங்கம்மா, பேசிக்குவோம். செருப்பு மட்டும் பழசாப் போட்டுட்டு வாங்க." நிச்சயம் உண்டா இல்லையா என்பது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

சொன்ன நாளில் எங்கள் ஆட்கள் பபேடானிலிருந்து வேன் பிடித்துத் தட்டுகளோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். மழை நிற்காததால் குழாய் இழுக்க இழுக்க ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. முழங்காலளவு தண்ணீர் மிச்சம். அம்மா பட்டுப்புடவையில் நின்று அதைப் பார்த்தாள். "இதுவாடா தோட்டம்?" என்றாள்.

அப்போதுதான் டோ டின் டின் வெளியே வந்தார். தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதல் நாளே சொல்லணும்னு இருந்துச்சு தம்பி. ஆனாடே" என்றார். இனிமேல் ஆனாடே கிடையாது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. தெருவையே அதட்டிக் கூப்பிட்டு, கேட்டிலிருந்து படி வரை தண்ணீரில் வரிசையாக நிற்க வைத்தார். பூத்தட்டு, பழத்தட்டு, வெற்றிலைத் தட்டு, புடவைத் தட்டு எல்லாம் கை மாறிக் கை மாறி வீட்டுக்குள் போயின. ஒரு சீப்பு வாழைப்பழம் நழுவி மிதந்ததை அவரே எட்டிப் பிடித்தார். அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகி, அந்த ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கடந்து வந்தாள். அந்தப் போட்டோ இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

கூடத்தில் குழாய்களுக்கு மேலேயே பாய் விரித்து உட்கார்ந்தோம். தட்டுகள் நடுவில் இருந்தன, ஆனால் மாமா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. என் அம்மா ஒரு முடிவோடு, எங்களோடு வந்திருந்த என் சித்தப்பாவுக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் நிச்சய ஓலையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். பெண்ணின் பெயர் வரும் இடத்தில் பாய்க்கு அடியில் குழாய் 'கொளக்' என்றது. சித்தப்பா நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் இன்னும் பெரிதாக ஒரு 'கொளக்'. ஓலையை மடியில் வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். எல்லாரும் மாமாவைத்தான் பார்த்தார்கள்.

மாமா குனிந்து பாய்க்கு அடியில் கையை விட்டுக் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க படிங்க" என்றார். "அது எங்க மாப்பிள்ளை வேலை பாக்கறது."

அதுவரை நான் அவருக்குத் தம்பிதான். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள், சிரிக்கிறாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. நான் அத்தனை பேர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மழைத் தண்ணீர் என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை.

நான் திரும்ப வெளிநாடு போகவில்லை. தோட்டமும் போடுவதில்லை. தண்ணீர் தேங்குகிற வாசல்களை உயர்த்திக் கொடுப்பது, சரளைக்கல் போட்டு வடிகால் அமைப்பது, குழாய் பதிப்பது, இதுதான் இப்போது தொழில். யாங்கோன் மழைக்கு இந்த வேலையில் ஓய்வே கிடையாது. இப்போது நாங்களும் குடியிருக்கிற மாமனார் வீட்டு வாசலை முக்கால்வாசி மண் கொட்டி உயர்த்தி, வடிகாலைத் திறந்துவிட்டேன். ஒரு மூலையை மட்டும் நிரப்பக் கூடாது என்று மாமனார் மறித்துவிட்டார். அதில் இப்போது கசூன் கீரை தளதளவென்று கிடக்கிறது, கெளுத்தி மீன்கூட இருக்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் பாலைவனம். "குழம்புக்குக் கீரை இல்ல, பாலைவனத்துல போய்ப் பறிச்சுட்டு வாங்க" என்று மல்லிகா தினமும் என்னைத்தான் அனுப்புகிறாள்.

போன வாரம் மிங்கலாடோனிலிருந்து ஒருவர் தேடி வந்தார். புது வீடு, வாசலில் தண்ணீர் நிற்கிறது. நான் வெளியே போயிருந்ததால் மாமனாரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்டைத் திறக்கும்போது, எனக்கு இந்த வேலையில் போதுமான அனுபவம் உண்டா என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. மாமனார் அவரைக் கையைப் பிடித்து அந்தக் கீரைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வாசல்ல தண்ணி எப்படி நிக்கும்னு எங்க மாப்பிள்ளைக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாதுங்க" என்றார். "அவரே நிறுத்திக் காட்டினவரு."